அரையாண்டு மதிப்பெண்ணை யாரும் கேட்கப் போவதில்லை

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பள்ளியிலிருந்து வந்து, நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் உலை வைத்துக்கொண்டிருந்தேன். மங்கை அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. ஐந்து வருடமாக என்னோடு பேசாத மங்கை அக்கா.

"உமா, நல்லா இருக்கியா? நம்ம நிவேதாவுக்கு உங்க ஊர் யுனிவர்சிட்டில எம்.எஸ்சி. சீட் கெடச்சிருக்கு. ரூம் கெடைக்கிற வரைக்கும் பத்து நாள் உன் வீட்ல இருக்கட்டுமா? உன்ன விட்டா அங்க எங்களுக்கு யாரும் இல்ல."

உங்க ஊராம். இங்கிலாந்தில் கவென்ட்ரி என்ற இந்த நகரத்துக்கு வந்து நாலு வருடமாகிறது. இன்னும் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரைத் தேடுகிறேன். இது எப்போது என் ஊரானது என்று தெரியவில்லை. ஆனால் நான் மூன்று முறை படித்தது கடைசி வரியைத்தான். அதைப் படித்துக்கொண்டு நின்றதில் சோறு குழைந்துவிட்டது.

என் கணவர் சேகர் இங்கே அரசு மருத்துவமனையில் நர்ஸ். வேலை முடிந்து வந்தவரிடம் போனைக் காட்டினேன். "பொண்ணு என்னா பண்ணுச்சு? வரட்டும்" என்றார். எனக்கு இழைக்கப்பட்ட அநியாயங்களை மன்னிப்பதில் அவருக்கு எப்போதும் தாராள மனசு.

வரச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் இதை எழுத உட்கார்ந்தேன். வெளிநாட்டில் சுகமாக உட்கார்ந்துகொண்டு பழசைக் கிளறுகிறாள் என்று ஊரிலிருக்கும் நீங்கள் சொல்லலாம். தாராளமாகச் சொல்லுங்கள். அங்கே இருந்தபோதே கிளறியிருக்க வேண்டும். அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

2

கடலூர் புதுப்பாளையத்தில் வீடு, சிதம்பரத்தில் வேலை. தனியார் மேல்நிலைப் பள்ளி. பெயர் எழுதப் போவதில்லை. பத்தாம் வகுப்பு பி பிரிவுக்கு நான் வகுப்பாசிரியர், கணக்கும் நானே. ஏ பிரிவுக்கு மங்கை அக்கா, அவருக்கும் கணக்குதான். என்னைவிட ஆறு வயது மூத்தவர், பள்ளியிலும் எனக்கு நாலு வருடம் முன்னால் சேர்ந்தவர். சிதம்பரத்திலேயே, பள்ளிக்கு நடந்து வரும் தூரத்தில் வீடு. அவருடைய ஒரே மகள் நிவேதா அவர் வகுப்பிலேயே படித்தாள்.

புதுச்சத்திரம் தாண்டி எங்காவது லாரி மறித்து என் பஸ் நின்றுவிட்டால் ஒரு போன் போதும். முதல் பீரியடில் என் வகுப்பில் போய் நின்று வருகைப் பதிவை எடுத்துவிடுவார் மங்கை அக்கா. நான் தேவனாம்பட்டினத்து நெத்திலி வறுத்துக் கொண்டுபோகும் நாளில் அவர் தன் டப்பாவைத் திறக்கவே மாட்டார். என் மகன் ஆதி பிறந்தபோது மூன்று மாதம் என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்தவர். அக்கா என்று நான் சும்மா கூப்பிடவில்லை.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எங்களுக்கு மட்டுமில்லை, தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு எடுக்கும் தனியார் பள்ளி ஆசிரியர்கள் முக்கால்வாசிப் பேருக்கும் உண்டு. ‘டைட் கரெக்‌ஷன்’ என்போம். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களை வேண்டுமென்றே கறாராகத் திருத்துவது. விடை சரி, நடுவில் ஒரு படி விட்டுப் போச்சா, கழி. வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதவில்லையா, கழி. அலகு போடவில்லையா, கழி. அரையாண்டில் தொண்ணூற்றைந்து வாங்கியவன் பொங்கல் விடுமுறையில் புத்தகத்தைத் தொடமாட்டான். அறுபத்தைந்து வாங்கியவன் பயந்து போய்ப் படித்து, பொதுத்தேர்வில் தொண்ணூற்றைந்து வாங்குவான். இதுதான் கணக்கு. கரஸ்பாண்டன்ட் என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் தாளாளரும் ஒவ்வொரு டிசம்பரிலும் ஸ்டாஃப் மீட்டிங்கில் இதைச் சொல்லுவார். பொதுத்தேர்வு மார்க் ஒன்றுதான் மார்க், மற்றதெல்லாம் பிள்ளைகளை விரட்டும் குச்சி.

குச்சி என்று அவர் சொன்னபோது நானும் சிரித்தேன்.

3

பி பிரிவில் சங்கவி என்று ஒரு பெண். காட்டுமன்னார்கோயிலிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். அப்பா ரைஸ் மில்லில் வேலை செய்தார். கணக்கு அவளுக்கு இயல்பாக வரும். நான் கரும்பலகையில் பாதி எழுதும்போதே விடையைச் சொல்லிவிடுவாள், அதனாலேயே பரீட்சையில் படிகளை எழுதமாட்டாள். தெரிந்ததை எதற்கு எழுதுவது என்று ஒரு அலட்சியம். அந்த அலட்சியத்தை உடைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

அந்த அரையாண்டில் அவள் தாளை இரண்டு முறை திருத்தினேன். முதல் முறை எண்பத்தெட்டு வந்தது. திரும்ப உட்கார்ந்து, விட்ட படி ஒவ்வொன்றுக்கும் கழித்து, அறுபத்து நாலில் கொண்டுவந்து நிறுத்தினேன். முதல் பக்கத்தில் ‘கவனக்குறைவு’ என்று சிவப்பில் எழுதி அடிக்கோடு போட்டேன். பொதுத்தேர்வில் இவள் நூற்றுக்கு நூறு வாங்கியாக வேண்டும். அதற்கான மருந்து இது என்று மனதாரவே நம்பினேன்.

தாளைக் கொடுத்த அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. மாடிப்படி அருகே நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு அதே பள்ளியில் பதினோராம் வகுப்பில் ஃபர்ஸ்ட் குரூப் வேண்டும். கணக்கும் அறிவியலும் படித்து இன்ஜினியராக வேண்டும், வீட்டில் முதல் பட்டதாரியாக வேண்டும். அப்பாவிடம் இந்த மார்க்கை எப்படிக் காட்டுவது என்று கேட்டாள்.

"ஏய், லூசு. இது வெறும் அரையாண்டு. இந்த மார்க்க யாரும் கேக்கப் போறதில்ல" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். நான் சொன்னால் அவள் நம்புவாள்.

4

மார்ச்சில் எல்லாவற்றையும் மூடினார்கள்.

அந்த மாதங்களைப் பற்றி ஆசிரியர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. அரிசி டப்பாவின் மேல் போனை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கணக்குப் போட்டேன். ஆறு வயது ஆதி நடுவில் வந்து ஆய் வருகிறது என்று அறிவிப்பான். சேகர் கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கொரோனா வார்டில் இருந்தார். இரண்டு வாரம் அங்கேயே தங்கிவிட்டு வருவார், வந்தாலும் பின்பக்க அறையில்தான் படுக்கை. அவர் இருமினால் நான் வகுப்பை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்பேன். மாணவர்கள் ‘நெட் கட்டாயிடுச்சா மிஸ்’ என்று கேட்பார்கள்.

தாளாளருக்கு ஒவ்வொரு வகுப்புக்கும் ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டும், அதில் பிள்ளைகளின் முகம் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்ததோ மின்விசிறிகளும் கூரைகளும்தான். ‘அப்பா போன்’ என்ற பெயரில் ஒருவன் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தான். அது யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. சங்கவி வகுப்புக்கே வரமாட்டாள். அவர்கள் வீட்டில் ஒரே போன், அதை அப்பா மில்லுக்குக் கொண்டுபோய்விடுவார். அவர் திரும்பிய பிறகு, நான் அனுப்பிய குரல் பதிவுகளைக் கேட்டு, கணக்குகளைப் போட்டுப் படம் எடுத்து அனுப்புவாள். ஒரு படிகூட விடாமல் எழுதியிருப்பாள். மருந்து வேலை செய்கிறது என்று நான் மங்கை அக்காவுக்குப் போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டேன்.

பொதுத்தேர்வைத் தள்ளிவைத்தார்கள். மறுபடி தேதி சொன்னார்கள், மறுபடி தள்ளினார்கள். கடைசியில் ஜூன் மாதம் ஒரு நாள், தேர்வே கிடையாது, எல்லோரும் பாஸ், காலாண்டு அரையாண்டு மதிப்பெண்ணையும் வருகைப் பதிவையும் வைத்து மார்க் போடப்படும் என்று செய்தி வந்தது. எதிர்வீட்டில் ஒரு பத்தாம் வகுப்புப் பையன் இருந்தான். அவன் வாசலில் நின்று விசில் அடித்தான். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

விடைத்தாள்களையும் மதிப்பெண் பதிவேட்டையும் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பள்ளியிலிருந்து தகவல் வந்தது. பிள்ளைகளிடமிருந்து திரும்ப வாங்கிய பி பிரிவின் கட்டு என் வீட்டில்தான் இருந்தது. மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளைப் பட்டியல் போட மார்ச் தொடக்கத்தில் எடுத்து வந்திருந்தேன். கட்டை மடியில் வைத்துக்கொண்டு மங்கை அக்காவைக் கூப்பிட்டேன்.

"எல்லாருக்கும் அதேதான் உமா" என்றார். "எங்கிளாஸும் டைட்டாதான திருத்தியிருக்கறன். இருக்கறத அப்படியே அனுப்பு. கை வச்சா மாட்டிப்போம்."

மனசு கொஞ்சம் இறங்கியது. எல்லோருக்கும் ஒரே அடி என்றால் அது அடியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் பள்ளி வேன் டிரைவர் ஏழுமலை அண்ணன் கட்டை வாங்கிப்போக வந்தார். முகக்கவசத்தை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடித்தபடி, ஏ செக்‌ஷன் பிள்ளைகளை இரண்டு நாளாகப் பள்ளிக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஏதோ டவுட் கிளாஸாம். பதினோராம் வகுப்புக்கு முன்கூட்டியே பாடம் தொடங்கிவிட்டார்கள் போல, மங்கை அக்கா பாவம், இந்த நிலைமையில் போய்வர வேண்டியிருக்கிறதே என்று நினைத்தேன். நான் அவருக்காகப் பரிதாபப்பட்டேன் என்பதை இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

5

மதிப்பெண்கள் வந்தன. சங்கவிக்குக் கணக்கில் அறுபத்தொன்பது. என் வகுப்பில் அதிகபட்சமே எண்பதைத் தொடவில்லை. ஏ பிரிவில் தொண்ணூறுக்குக் கீழே ஒருவரும் இல்லை.

முதலில் என் புத்திக்கு எட்டவில்லை. மங்கை அக்கா என்னைப்போல் கறாராகத் திருத்தவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அதற்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. பி பிரிவுப் பெற்றோர்கள் தாளாளரிடம் போயிருக்கிறார்கள். அவர் கையை விரித்துவிட்டு, உமா மேடம் கொஞ்சம் ஜாஸ்தி ஸ்ட்ரிக்ட், அவர் திருத்தியதில் நான் தலையிட முடியாது, நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்று என் நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறார். டிசம்பரில் குச்சி என்று சொல்லிக்கொடுத்த அதே மனிதர்.

நாலு நாள் போன் ஓயவில்லை. கெஞ்சினவர்கள் உண்டு, திட்டினவர்கள் உண்டு. அதில் ஒரு தகப்பனார் கேட்டதுதான் எனக்கு விஷயத்தைச் சொன்னது. "ஏ செக்‌ஷன் புள்ளைங்கள மட்டும் கூப்ட்டு காலாண்டு, அரையாண்டுப் பேப்பர மறுபடி எழுத வச்சீங்களாமே. எம்புள்ளைக்கு ஏன் வைக்கல?"

ஏழுமலை அண்ணனின் டவுட் கிளாஸ் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதே கேள்வித்தாள், புது விடைத்தாள், பழைய தேதி, தாராளத் திருத்தம். மங்கை அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அன்று மாலை இன்னொரு முறை போட்டேன். மூன்று நாள் கழித்து ஒரே ஒரு செய்தி வந்தது. ‘கரஸ்பாண்டன்ட் சொன்னாரு. நான் என்னா செய்ய முடியும் உமா.’

சங்கவியின் அப்பா என்னைத் திட்டவில்லை. ஃபர்ஸ்ட் குரூப்புக்குக் கணக்கில் எண்பது வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். நான் ஒரு வார்த்தை சொன்னால் நடக்குமா என்று கேட்டார். சொன்னேன். தாளாளர், விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார். பொய் மார்க்கை உண்டாக்கிய பள்ளி, உண்மையான மார்க்கைக் காட்டி அந்தப் பெண்ணை வெளியே அனுப்பியது. ‘முடியலைங்க’ என்று அவரிடம் சொன்னபோது, போனைச் சங்கவி வாங்கினாள்.

"மிஸ், யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே" என்றாள்.

பதிலுக்குக் காத்திருந்துவிட்டு அவளே வைத்துவிட்டாள்.

கல்வி அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்துத் தனியார் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குச் சேரும் அன்றே ஆசிரியரின் அசல் சான்றிதழ்களை வாங்கி அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். நடுவில் ஓடிப்போகாமல் இருக்க. என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து பி.எட். வரைக்கும் அங்கேதான் இருந்தது. சேகருக்கு இங்கிலாந்தில் வேலை கிடைக்கும் பேச்சு அப்போதுதான் தொடங்கியிருந்தது. ராஜினாமாக் கடிதத்தோடு போனேன். தாளாளர் ஒரு தட்டச்சுத் தாளை நீட்டினார். பி பிரிவுக் கணக்கு மதிப்பெண்கள் முழுக்க என் சொந்தப் பொறுப்பில் போடப்பட்டவை, நிர்வாகத்துக்குச் சம்பந்தமில்லை என்று அதில் இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ்கள் கைக்கு வரும்.

போட்டேன். சாட்சிக் கையெழுத்துக்கு மங்கை அக்காவைக் கூப்பிட்டார்கள். வந்தார். முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. என்னைப் பார்க்காமல் போட்டுவிட்டுப் போனார். கடலூர் பஸ்ஸில் சான்றிதழ்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். இருமலோ என்று பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்.

6

இங்கே நான் ஆசிரியை இல்லை, ஆசிரியருக்குத் துணை. பின்வரிசையில் ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, வகுப்பில் நடப்பதை அவனுக்கு மெதுவாகச் சொல்லித்தரும் வேலை. முழு ஆசிரியராக ஒரு விண்ணப்பம் இருக்கிறது. இரண்டு முறை பாதி நிரப்பினேன். இந்திய பி.எட்.டுக்கு இங்கே என்ன மதிப்பு என்று ஒரு காகிதம், அதற்கு ஒரு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சான்று. அதெல்லாம் முடிந்தால், கடைசியாகப் பணிபுரிந்த பள்ளித் தலைவரின் மின்னஞ்சல் முகவரி என்று ஒரு கட்டம் வரும். அந்தக் கட்டத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருக்கும், நான் போனை எடுத்து வேறு எதையாவது பார்ப்பேன்.

முதல் வருடம் வகுப்பில் ‘எனி டவுட்ஸ்?’ என்று கேட்டுவிட்டேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரையோ நான் சந்தேகப்படுவதாக நினைத்துக்கொண்டார்களாம். வீட்டுக்கு வந்து சொன்னபோது ஆதிதான் திருத்தினான், கேள்வி இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டுமாம். அவனுக்குப் பதினொன்று முடியப் போகிறது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவான். கடலூர் வீட்டைக் கேட்டால் அப்பா பின்பக்க அறையில் படுத்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது என்கிறான். அந்த ஊரை அவன் ஒரு வியாதியாகத்தான் நினைவு வைத்திருக்கிறான். நான் அவனுக்கு வேறு நினைவுகளைக் கொடுத்திருக்க வேண்டும்; அந்த வருடம் என்னிடம் இருந்ததெல்லாம் போன்தான்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் கொரோனாக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. இங்கேயும் அந்த வருடம் தேர்வை நிறுத்தி ஆசிரியர்களையே மார்க் போடச் சொல்லியிருக்கிறார்கள். கணக்கு ஆசிரியை ஒருவர், ஒவ்வொரு பிள்ளையாக எடுத்து வைத்துக்கொண்டு, தேர்வு நடந்திருந்தால் இவன் எவ்வளவு வாங்கியிருப்பான் என்று யோசித்து யோசித்துப் போட்டோம், சந்தேகம் வந்தால் பிள்ளை பக்கம் சாய்ந்தோம் என்றார். சொல்லிவிட்டு என்னிடம், உங்கள் நாட்டில் எப்படி என்று கேட்டார். எங்களிடமும் அப்படித்தான் என்றேன். கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு யாராவது அப்படி ஒரு நாள் கொடுத்திருந்தால் என் முப்பத்தெட்டுப் பிள்ளைகளையும் நான் எடை போட்டிருக்கமாட்டேனா?

7

நிவேதா வந்து இறங்கினாள். இரண்டு பெரிய பெட்டிகள், ஒன்றில் பாதி மங்கை அக்கா எனக்குக் கொடுத்தனுப்பிய சாமான்கள். வடகம், நெத்திலிக் கருவாடு, ஆதிக்கு ஒரு சட்டை. சட்டை அவனுக்கு மூன்று அளவு சின்னது. அக்காவின் மனதில் அவன் ஆறு வயதிலேயே நின்றுவிட்டான் போல.

அவளை வெறுக்கலாம் என்றுதான் தயாராக இருந்தேன். முடியவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினாள், ஆதிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள், அவனோடு தமிழிலேயே பேசினாள், அவனும் தட்டுத்தடுமாறித் தமிழில் பதில் சொன்னான். என்னிடம் நாலு வருடமாகச் செய்யாததை அவளுக்கு நாலு நாளில் செய்தான். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

ஆறாம் நாள் மத்தியானம், ஞாயிற்றுக்கிழமை, இருவருமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்துப் பேச்சு வந்தது. அந்த இரண்டு நாள் வேனில் போய் மறுபடி தேர்வு எழுதியதை, ஏதோ பிக்னிக் போனதைச் சொல்கிற மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னாள். பேனாகூட எல்லோருக்கும் ஒரே கம்பெனியுடையதாகக் கொடுத்தார்களாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் ஆன்ட்டி" என்றாள். "கரஸ் ரெண்டு செக்‌ஷனையும்தான் வரச் சொன்னாரு. அம்மாதான் வேணான்னாங்க. உமா ஒத்துக்க மாட்டா, வெளிய சொல்லிடுவா, அப்புறம் நம்ம புள்ளைங்களுக்கும் போயிடும்னு சொன்னாங்க. வீட்ல போன்ல பேசறப்ப நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

ஐந்து வருடமாக நான் தாளாளரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மங்கை அக்காவைக்கூட, மறுக்கத் தெரியாதவர், பயந்தவர் என்ற கணக்கில்தான் திட்டியிருந்தேன். என் பிள்ளைகளுக்கும் அந்த வேன் வரவிருந்தது. அதை வரவிடாமல் நிறுத்தியது என் வகுப்பில் எனக்காகப் போய் நின்றவர்தான். கையிலிருந்த துண்டை மடித்து முடித்துவிட்டுப் போனை எடுத்தேன். நிவேதா வேண்டாம் ஆன்ட்டி என்றாள். ஊரில் அப்போது சாயங்காலம் இருக்கும்.

முதல் மணியிலேயே எடுத்தார். மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்த குரல். அவள் நன்றாக இருக்கிறாள் என்று முதலில் சொன்னேன். பிறகு கேட்டேன். மறுக்கவில்லை.

"நீ நேர்மையானவடி உமா" என்றார். "இந்தக் கள்ளத்தனத்துக்கெல்லாம் நீ வரமாட்டன்னு எனக்குத் தெரியும். உன்ன எதுக்கு அதுல இழுக்கறதுன்னுதான். நிவேதாவ நெனச்சும்தான், இல்லன்னு சொல்லல. ஆனா நீ ஒத்துக்கிட்டிருக்க மாட்ட."

இந்த ஐந்து வருடத்தில் என்னிடம் மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். எல்லோரும் ஏமாற்றினார்கள், நான் மட்டும் சுத்தமாக வெளியே வந்தேன் என்பது. சேகரிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தபோதும் அந்த மிதப்பில்தான் உட்கார்ந்தேன். ஆனால் சங்கவியின் தாள் என் மடியில் இருந்த அந்த ஜூன் மாதப் பகலில், யாராவது ஒருவர் என்னைக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

"கேட்டிருந்தா நானே காட்டுமன்னார்கோயில் போய் அவள கூட்டியாந்து எழுத வச்சிருப்பேன்க்கா" என்றேன்.

மங்கை அக்கா, நிஜமாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அழ ஆரம்பித்தார். எனக்கு அழுகை வரவில்லை. பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நிவேதா மடித்த துணிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அம்மாவின் மேல் கோபமா, தன் மேலா என்று தெரியவில்லை. இருபத்தொரு வயதுப் பெண், அந்த வேனில் ஏறியபோது அவளுக்குப் பதினாறு.

"அந்த சங்கவி இப்ப என்னா பண்றா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

வாயைத் திறந்தேன். ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்காமல் அவள் எந்தப் பள்ளிக்குப் போனாள், போனாளா, படித்தாளா, கல்யாணம் கட்டிக் கொடுத்துவிட்டார்களா. அவள் அப்பாவின் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. எனக்கு நடந்த துரோகத்தை ஐந்து வருடமாக ஒரு நாள் விடாமல் நினைத்திருக்கிறேன், எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த நம்பருக்குப் போன் போட்டு, அவள் என்ன ஆனாள் என்று நான் கேட்டதில்லை.

"தெரியாதும்மா" என்றேன்.